ஸுஹறாவின் கடைசி மூன்று இலக்கங்கள்

எண்ணிலே அழகு பார்க்கிற ஒருவன் வீட்டில் இருந்தால் போதும், மற்றவர்களின் ஆயுள் பாதியாகிவிடும். என் தம்பி ஷிராஸ் அப்படிப்பட்டவன். பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர். வயது முப்பத்தேழு. போன வருடம் முப்பத்தாறு, அது வர்க்க எண்ணாம். இந்த வருடம் முப்பத்தேழு, அது முதன்மை எண்ணாம். கல்யாணத்துக்கு எந்த எண் தோது என்று கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டான்.

நான் றம்லா, அவனுடைய மூத்த சகோதரி, எங்கள் வழக்கத்தில் ராத்தா. மன்னார் எருக்கலம்பிட்டியில் வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் வஸீர் கத்தாரில். நான் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தை இரண்டு தரமும் கோட்டை விட்டவள். அதைச் சொல்லிக் காட்டாத ஆள் இந்த வீட்டில் இல்லை.

ஸுஹறா எங்கள் கதைக்குள் வந்தது தேர்தல் கடமையில். முருங்கனில் ஒரு வாக்குச் சாவடிக்கு இரண்டு பேரையும் போட்டிருந்தார்கள். விடிய வெற்றுச் சீட்டுகளை எண்ணி இவன் ஒரு தொகை எழுதினானாம். பக்கத்தில் இருந்தவள், "சேர், ஒண்டு குறையுது" என்றாளாம். இவன் சிரித்துவிட்டு மறுபடி எண்ணினானாம். ஒன்று குறைந்ததாம். அன்றைக்கு விழுந்தவன்தான். வேறு ஆண்கள் கண்ணைப் பார்த்து விழுவார்கள், முடியைப் பார்த்து விழுவார்கள். எங்கள் ஆள் தன் கணக்கில் பிழை பிடித்தவளைப் பார்த்து விழுந்தான். அவள் ஊர் பெரியமடு, வேலை முருங்கனில், கமக்காரர் அலுவல் பார்க்கிற கமநலக் கந்தோரில். எட்டு மாதமாக இரண்டு பேரும் போனில் என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் விளங்கியிருக்காது.

போன புதன்கிழமை அவள் ஒரு செய்தி சொல்லியிருக்கிறாள். வேறொரு இடத்திலிருந்து அவளுக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அவளுடைய மாமா அந்தப் பக்கத்துக்கு வாக்குக் கொடுக்கப் போகிறார். "உங்கட ராத்தாவுக்கு விருப்பமெண்டா அதுக்கு முதல் எனக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம்.

பெண் கேட்பது ஆம்பிளைகளின் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எங்கள் குடும்பங்களில் ஆம்பிளைகள் வருவது பேச்சு முடிந்த பிறகு, சாப்பிட. முதல் வார்த்தையை மாப்பிள்ளையின் ராத்தாதான் எடுக்க வேண்டும். பெண்ணோடு சலாம் சொல்லி, நலம் கேட்டு, "உம்மா நிக்கிறாவா?" என்று கேட்க வேண்டும். பெண் போனைத் தாயிடம் கொடுத்தால் சம்மதம். "உம்மா தொழுதுகொண்டு நிக்கிறா" என்றால் கதை முடிந்தது. ஷிராஸுக்காக நான் கேட்ட இரண்டு இடத்திலும் உம்மாமார் தொழுதுகொண்டு நின்றார்கள். முதலாவது இடத்தில், எங்கள் தம்பிக்கு முட்டை அவிக்கத் தெரியாது, ஆனால் எத்தனை விதமாக அவிக்கலாம் என்று கணக்குச் சொல்லுவான் என்றேன். உண்மையைத்தானே சொன்னேன். இரண்டாவது இடத்தில் நாற்பது நிமிடம் கதைத்துவிட்டேன். என் வாய் அப்படி. அதனால் இந்தத் தரம் பேச்சைத் தாளில் எழுதி, மூன்று தரம் வாசித்துப் பார்த்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறையும் சேர்ந்து வந்தது. ஜும்மா முடிந்து ஷிராஸ் வந்ததும் கதவைச் சாத்தினேன். நல்ல வார்த்தையை நான் ஜும்மாவுக்குப் பிறகுதான் எடுப்பேன். நேரம் இரண்டேகால். அஸர் பாங்கு மூன்றரைக்கு.

"நம்பரைச் சொல்லு" என்றேன்.

அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"போன் கடலுக்குள்ள விழுந்திட்டு, ராத்தா."

"எப்ப?"

"நேத்துப் பின்னேரம். பாலத்தடியில நிண்டு பூநாரை எண்ணினனான். படமெடுத்து எண்ணுவமெண்டு கையை நீட்ட காத்தடிச்சிட்டு."

"எத்தினை பூநாரை?" ஆத்திரத்தில் கேட்டேன்.

"நூற்றித் தொண்ணூற்றேழு வரைக்கும் எண்ணினனான். அது முதன்மை எண்தான். ஆனா முடிவான தொகை எண்டு சொல்லேலாது."

கையிலிருந்த அளவு நாடாவை அவன் மேல் எறிந்தேன். மன்னார் கழுதைகள் எல்லாம் ரோட்டில் திரிகின்றன, நான் ஒன்றுக்கு மூன்று நேரமும் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன் என்றேன். இன்னும் சொன்னேன், அதை எழுதவில்லை.

"நேத்தே ஏன் சொல்லேல்ல?"

"உங்கட வாய்க்குப் பயத்தில."

அது சுருக்கென்று தைத்தது. போன இரண்டு சம்பந்தமும் போனது என் வாயால். இப்போது இந்த ஒரு நாளும் போனது அதே வாயால். அவன் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். அதனால்தான் கூடுதலாக வலித்தது.

வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தோம். அவள் நம்பர் இருந்தது அந்தப் போனில் மட்டுந்தான், போயாவென்று கந்தோரும் பூட்டு. அவளோடு வேலை செய்பவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டால், பொழுதுபடுவதற்குள் முருங்கன் சந்தி முழுக்கக் கதை போய்விடும். மோட்டார் சைக்கிளில் ஏறிப் பெரியமடுவுக்கே போகலாம் என்றான் ஷிராஸ். மாமாவும் மச்சான்மாரும் கூடியிருக்கிற வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினால் கெட்ட பெயர் எங்களுக்கல்ல, அவளுக்கு. அதைச் சொன்னதும் இருந்துவிட்டான்.

"எட்டு மாசம் கதைச்ச நம்பர் ஒண்டு ஞாபகமில்லையா உனக்கு?"

"பேரை அமத்தினா போகுது, ஆர் நம்பரைப் பாக்கிறது? முதல் நாள் பதியேக்க ஒருக்காப் பாத்தனான். ஆனா அதின்ர குணம் தெரியும்."

"ஆரின்ர குணம்?"

"நம்பரின்ர குணம்."

யா அல்லாஹ் என்று கதிரையில் இருந்தேன். அவன் உருப்படி வெட்டுகிற பழுப்புத் தாளை மேசையில் விரித்து, துணியில் அடையாளம் போடுகிற என் சோக்கட்டியை எடுத்துக்கொண்டான்.

"முன்னுக்கு வாற பூச்சியம் எண்ணில சேராது, அதை விடுவம். முதல் மூன்று இலக்கம் 736. முப்பத்திரண்டையும், அதைத் திருப்பிப் போட்ட இருபத்திமூன்றையும் பெருக்கினா வாறது. மறக்கேலுமா? அடுத்தது 961, முப்பத்தொண்டின்ர வர்க்கம்."

"கடைசி மூண்டு?"

"அதைப் பாடமாக்கத் தேவையில்ல ராத்தா. நம்பர் முழுசா ஏழாலயும் வகுபடும், பதினொண்டாலயும் வகுபடும், பதின்மூண்டாலயும் வகுபடும். மிச்சமே வராது. அப்ப கடைசி மூண்டும் தானா வரும்."

(இந்த நம்பருக்கு அடித்துப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். உண்மை நம்பரை எழுத நான் என்ன விசரியா? இலக்கங்களைத் தம்பியைக் கொண்டு மாற்றி எழுதுவித்திருக்கிறேன். கணக்கு மட்டும் பிசகாது.)

ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று வருமாம். ஆயிரத்தொன்றால் வகுபடுகிற எண்ணுக்கு ஒரு விசேஷம் இருக்கிறதாம். வலது பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்ட வேண்டும். வெட்டுகிற வேலை எனக்குத் தெரிந்ததென்றபடியால் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தேன். வெட்டிய துண்டுகளில் முதலாவதைக் கூட்டி, இரண்டாவதைக் கழித்து, மூன்றாவதைக் கூட்டி என்று மாறி மாறிப் போனால், விடை பூச்சியமாக வர வேண்டும். இல்லாவிட்டால் ஆயிரத்தொன்றின் மடங்காக வர வேண்டும்.

"எங்கட நம்பருக்குப் பூச்சியந்தான் பொருந்தும்" என்று எழுதிக் காட்டினான். கடைசித் துண்டில் 961ஐக் கழித்து 736ஐக் கூட்டினால் பூச்சியம். அப்படியென்றால் கடைசித் துண்டு, 961இலிருந்து 736 போக மிச்சம்.

"இருநூற்றி இருபத்தைஞ்சு!" அவன் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "பதினைஞ்சின்ர வர்க்கம்! பாத்தீங்களா, மூண்டு துண்டும் எவ்வளவு வடிவு! பிழைக்க வழியேயில்ல. எடுங்கோ ராத்தா."

எடுத்தேன். இரண்டாவது மணியடிப்பிலேயே தூக்கினார்கள். ஒரு பெண் குரல் "ஹலோ" என்றது. அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது. எழுதி வைத்திருந்த தாளை எடுத்து, சலாம் சொல்லி, நலம் கேட்டு, பதிலுக்கு நிற்காமல் தொடங்கிவிட்டேன். எங்கள் குடும்பம் எப்படி, தம்பி சிகரெட் தொடமாட்டான், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருவான், கொஞ்சம் கணக்குப் பைத்தியம், ஆனால் கடிக்காது, எல்லாம் சொன்னேன். 

"உம்மா நிக்கிறாவா?" என்று முடித்தேன்.



"நான் அழகம்மாங்க" என்றது குரல், மலைநாட்டுப் பேச்சில். "முருங்கன்ல இருந்து பேசுறேன். நீங்க சொன்னதெல்லாம் கேக்க நல்லா இருந்திச்சிங்க. ஆனா நமக்குப் பொண்ணு இல்லீங்களே. மூணும் பயலுக."

"ஸுஹறா...?"

"அப்பிடி யாரும் இல்லீங்க."

மன்னிப்புக் கேட்டு, நடந்ததை அரைகுறையாகச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அம்புட்டுக் கணக்குத் தெரிஞ்ச தம்பிக்கு, ஒரு நம்பரத் துண்டுல எழுதி வைக்கத் தெரியலியா?" என்றார். அந்த மனுசியை எனக்கு அந்த நிமிடமே பிடித்துவிட்டது.

ஷிராஸுக்கு முகம் செத்துவிட்டது. மறுபடி போட்டுப் பார்த்தான். ஏழால் வகுத்தான், மிச்சமில்லை. பதினொன்றால் வகுத்தான், மிச்சமில்லை. பதின்மூன்றாலும் இல்லை. தாளின் ஒரு முழம் கணக்கால் நிறைந்தது. அது ஒரு சட்டையின் முதுகுப் பக்கத்துக்கு வைத்திருந்த தாள்.

"கணக்குச் சரி ராத்தா."

"கணக்குச் சரியெண்டா அழகம்மா எங்கயிருந்து வந்தா?"

 நேரம் மூன்று பத்து. அவன் சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, கையிலிருந்த வெள்ளைத் தூளைச் சாரத்தில் துடைத்தான்.

"விடுங்கோ ராத்தா" என்றான். "குணத்தையே பிழையா ஞாபகம் வைச்சிருக்கிறன் போல. அவ நல்லா இருக்கட்டும்."

ஒரு கணக்கைப் பாதியில் வைத்து அவன் எழும்பியதை நான் வாழ்க்கையில் கண்டதில்லை.  எவ்வளவு கிண்டல் பண்ணியிருப்பேன் இந்தப் பொடியனை! இவன் ஒரு தரம் ஒருத்தியை விரும்பினான், அதையும் என் வாய்க்குப் பயந்து ஒரு இரவு முழுக்க மூடி வைத்திருந்திருக்கிறான். அழுகை வந்தது. அழுதால் அவனும் அழுவான் என்று மூக்கைச் சீறிக்கொண்டு இருந்தேன்.

அப்போது என் போன் அடித்தது. பெயரில்லாத நம்பர். தூக்கினேன்.

"நாந்தாங்க, அழகம்மா. தம்பிக்குச் சரி வந்திருச்சா? மனசு கேக்கல, அதான் எடுத்தேன்."

"இல்லையம்மா" என்று சொல்லத்தான் வாய் வந்தது. என்னவோ, போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். நாங்கள் கூப்பிட்ட அதே நம்பர். ஆனால் பூச்சியத்தில் தொடங்கவில்லை. கூட்டல் அடையாளம், தொண்ணூற்று நான்கு, அதற்குப் பிறகுதான் 736.

"ஷிராஸ்" என்றேன். "இஞ்ச பார். அழகம்மாட நம்பர் தொண்ணூற்றி நாலோட வருகுது."

"அது இலங்கையின்ர நாட்டு இலக்கம் ராத்தா. வெளியில இருந்து எடுக்கிறதுக்கு."

"அது எனக்குந் தெரியும். நீ ஸுஹறாட நம்பரை எப்பிடிப் பதிஞ்சனீ?"

எங்கள் வீட்டில் யார் நம்பரையும் பூச்சியத்தில் தொடங்கிப் பதிய வஸீர் விடமாட்டார். கத்தாரிலிருந்து வாட்ஸ்அப்பில் பிடிக்க முடியாது என்று அடுத்த வீட்டு நம்பரையும் தொண்ணூற்று நான்கு போட்டுத்தான் பதிவிப்பார். வாயால் சொல்லும்போது எல்லோரும் பூச்சியத்தில் தொடங்குவோம், போனில் இருப்பது தொண்ணூற்று நான்கு. ஆள் வெளிநாட்டில் இருக்கிற எந்த வீட்டிலும் இதுதான் நடப்பு. அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

"நீ அண்டைக்குக் குணம் பாத்தது தொண்ணூற்றி நாலோடயா, இல்லாமலா?"

 ஷிராஸ் மேசையில் பாய்ந்தான்.

"பதினொரு இலக்கம்! நான் பாத்தது பதினொரு இலக்கம்! நான் விசரன், ராத்தா!"

"அது எங்களுக்குத் தெரியும். நீ போடு."

இப்போது நான்கு துண்டு. கடைசித் துண்டு, அதில் 961 கழி, 736 கூட்டு, 94 கழி, பூச்சியம். மிச்சத்தை அவன் எழுதும் முன் நானே வாயால் சொல்லிவிட்டேன்.

"முதல் வந்ததோட தொண்ணூற்றி நாலைக் கூட்டினா முடிஞ்சுதே. முன்னூற்றிப் பத்தொன்பது."

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மையத்தாகி மண்ணுக்குள் போகும் வரைக்கும் மறக்க மாட்டேன். சாதாரண தரத்தில் இரண்டு தரம் கோட்டை விட்டவளைப் பார்க்கிற பார்வை அல்ல அது.

"முன்னூற்றிப் பத்தொன்பது" என்று முணுமுணுத்தான். "வர்க்கமும் இல்ல, ஒண்டுமில்ல. வடிவேயில்லாத நம்பர்."

"வடிவு பாத்தது காணும்!"

போனில் அழகம்மா இன்னும் "ஹலோ, ஹலோ" என்று கொண்டிருந்தார். "அம்மா, உங்களாலதான் பிடிபட்டது, பிறகு எடுக்கிறன்" என்று வைத்தேன். நேரம் மூன்று இருபத்தொன்று. அழுத்தினேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது மணியடிப்பில் எடுத்தார்கள்.

"ஹலோ, ஆரு?"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனாலும் அவள்தான் என்று தெரிந்தது. எழுதி வைத்திருந்த பேச்சு முழுவதையும் அழகம்மாவிடம் செலவழித்துவிட்டேன். ஒரு சொல்லும் மிச்சமில்லை.

"மகள், நான் ஷிராஸுட ராத்தா."



"நேத்து மூண்டு தரம் எடுத்தனான்" என்றாள்.  "போன் ஓஃப். வேண்டாமெண்டுதான் ஓஃப் பண்ணி வைச்சிருக்கிறாரெண்டு நினைச்சன்."

"ஓஃப் பண்ணேல்ல மகள். போன் கடலுக்குள்ள கிடக்குது. பூநாரை எண்ணப் போய் விழுத்திட்டான்."

"அப்ப இந்த நம்பர்...?"

"கணக்குப் போட்டு எடுத்தவன். ஏழாம், பதினொண்டாம், பதின்மூண்டாம். முதல் பிழைச்சு முருங்கனில ஒரு அம்மாவைப் பெண் கேட்டுட்டன்."

 அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை. ஷிராஸ் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்தான். மேற்கொண்டு கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு தரம் கேட்டு இரண்டு தரமும் ஒரே பதிலை வாங்கியவள் நான்.

"உம்மா நிக்கிறாவா, மகள்?"

"வாசல் முத்தத்தில நிக்கிறா" என்றாள் ஸுஹறா. "மாமாவுக்குத் தேத்தண்ணி குடுக்கிறா. போனை வையாதீங்கோ, ராத்தா. கூட்டிக்கொண்டு வாறன்."

ஓடுகிற காலடி கேட்டது. பிறகு ஒரு பெரிய மனுசியின் மூச்சு. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள், பாங்கு சொல்லப் போகிறார்கள். எனக்கு வாய்க்கு வந்தது இவ்வளவுதான்:

"எங்கட தம்பிக்கு உங்கட மகளத் தாங்கோ, நல்லாப் பாத்துக்கொள்ளுவம்."

"இவள் ஓடி வந்து போனை என்ர கையில வைச்சிட்டாள்" என்றார் அந்த உம்மா. "பிறகு நான் என்னத்தச் சொல்ல? என்ர காக்காட்ட, இவள்ற மாமாட்ட, நானே சொல்லுறன். ஞாயிற்றுக்கிழமை வாங்கோ."

போனை வைத்தபோது பாங்கு தொடங்கிவிட்டது. அழுதேன். மறைக்கவில்லை. ஷிராஸ் என் தலையில் கையை வைத்தான், எடுத்தான், திரும்ப வைத்தான். இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வதென்று அவனுக்கு எந்தப் புத்தகத்திலும் படிப்பிக்கவில்லை.

"ராத்தா" என்றான் கடைசியில்.

"என்னடா?"

"ஏழே ஏழு சொல்லு. எண்ணினனான். உங்கட வாயில இருந்து வந்ததில ஆகக் குறைஞ்சது இதுதான்."

அளவு நாடா எட்டாத தூரத்தில் கிடந்தது. அதனால் அழகம்மாவுக்குப் போன் அடித்தேன்.